குழாய் குடித்த தண்ணீர்

போன மாதம் நகராட்சி மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நான் எழுந்து பேசியது உங்கள் இரண்டு பேர் காதுக்கும் வந்துவிட்டது. செந்தில் போனில் கேட்டான், "ஏம்பா, ரிட்டயர் ஆகி இத்தன வருஷம் கழிச்சு நீங்களாவே போயி மாட்டிக்கிட்டீங்களாமே? யாராச்சும் கேஸு போட்டா பென்ஷன் என்னாவறது?" கவிதா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருக்கிறது. வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது பெயிலானவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் மாறி மாறி வேலை பார்த்தேன். இது எந்த ஊரில் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நோட்டு வேறு யார் கையிலாவது போனால் அவர்களுக்குத் தெரிய வேண்டாம். அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நான் வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. குன்னம் பக்கத்தில் நம் தாத்தாவுக்குக் கையகல நிலம் கிடையாது, அடுத்தவர் பருத்திக் காட்டில் கூலிக்குப் போனவர். நான் ஒரு பிளம்பிங் காண்ட்ராக்டரிடம் மூன்று வருஷம் மண் வெட்டினேன், பைப்பு அறுத்தேன், மரை போட்டேன். பிறகு நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் தினக்கூலி ஃபிட்டர். நிரந்தரம் ஆகும் என்று பதினோரு வருஷம் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு இந்தக் கதையில் ஒரு பங்காளி, அதனால் சொல்கிறேன்.

முதலில் குழி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வளர்ந்த வீட்டில் அது கிடையாது.

தண்ணீர்க் குழாய் என்றால் தரைக்கு மேல் இரண்டடி நிற்க வேண்டும். அதன் அடியில் குடத்தை வைத்துப் பிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படி நிமிர்ந்து நிற்கிற குழாய்களில் மேட்டுப் பக்கம் உள்ளவற்றில் காற்றுதான் வரும். தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீரைப் பள்ளத்துத் தெருக்கள் பிடித்துக்கொள்ளும். மேட்டிலும் கடைசியிலும் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குழாயின் உயரத்துக்கு ஏறி வராவிட்டால், குழாயைத் தண்ணீரின் உயரத்துக்குக் கொண்டுபோவார்கள். வாசலோரம் மூன்றடிக்குக் குழி வெட்டி, நிற்கிற பைப்பை அறுத்து, குழிக்குள் மடக்கி, அடியில் திறந்து மூடுகிற திருகைப் பூட்டச் சொல்வார்கள். இதற்குக் 'குழாய் இறக்குவது' என்று பெயர். பெண்கள் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, குடத்தைச் சாய்த்துப் பிடித்து, நிறைந்ததை மேலே தூக்கிக் கொடுப்பார்கள்.

ஆபீஸ் பீரோவில் ஒரு பழைய விதிப் புத்தகம் இருந்தது. வீட்டு இணைப்புக்கு எத்தனை அங்குலப் பைப்பு, எத்தனை அடி ஆழம், யார் மனுப் போட வேண்டும் எல்லாம் அதில் உண்டு. குழியைப் பற்றி ஒரு வரி கிடையாது. செய்யலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. எழுதியவர்களுக்கு இப்படி ஒன்று உண்டு என்பதே தெரிந்திருக்காது. அதனால் கேட்டவர்களுக்கு நாங்கள் இறக்கிக் கொடுத்தோம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் திருகை யாரும் மூட மாட்டார்கள். திறந்தே கிடக்கும். தண்ணீர் வருமுன் குழாயில் காற்று வரும், புஸ்ஸென்று சத்தம் கேட்கும். குழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் கொளகொளவென்று குமிழி விடும். அடுப்படியில் இருக்கிறவளுக்குக் கூடக் கேட்கும். "கொழா பேசுதுடி, கொடத்த எடு" என்று தெருவே ஓடும். திருகை மூடி வைத்தால் குழாய் பேசாது. பேசாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டு போய்விடுவாள்.

இதில் ஒரு தப்பும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அப்போது எங்களுக்கு உதவிப் பொறியாளராக இருந்தவர் தண்டபாணி சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சட்டைப்பையில் ஒரே ஒரு மைப் பேனா. நாங்கள் எதையாவது போய்ச் சொன்னால் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகிக்கொண்டு, "சொல்லு" என்பார். நாம் சொல்லச் சொல்ல எழுதுவார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, "இதான சொன்ன?" என்று கேட்பார். ஆனால் சில சமயம் நடுவில் நிறுத்துவார். பேனாவை மூடிப் பைக்குள் போடுவார். "இப்ப சொல்லு" என்பார். மூடி போட்ட பிறகு சொன்னது அவருக்கு மட்டும்தான், ஆபீசுக்கு இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு பாதுகாப்பு மாதிரி இருக்கும். நான் அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் இறந்துவிட்டார். அந்தப் பேனா மூடிக்குள் நானும் பல தடவை ஒளிந்திருக்கிறேன்.

மேட்டுத் தெரு, குழாயின் கடைசி. எல்லாத் தெருவுக்கும் போட்டு முடித்த பிறகு மிச்சம் இருந்த பைப்பில் போட்டது. அதிலும் கடைசி வீடு மலர்க்கொடியுடையது. மாமியார், புருஷன், நாலு வயதுப் பெண் குழந்தை தேன்மொழி. அந்தச் சமயம் இரண்டு மாதமாக மலர் என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம் நிறுத்துவாள்.

"ஃபிட்டரண்ணே, எல்லா வூட்டுக்கும் எறக்கிக் குடுத்தீங்க, எங்க வூடு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"இருக்கட்டும்மா, ஒன் வூட்டு வாசல்ல சாக்கடை ஒட்டிக்கிட்டு இருக்கு. குழி போட்டா கசியும்."

"கசிஞ்சா கசியட்டும். இப்ப மட்டும் என்ன, கங்கையா பொங்குது? மூணு தெரு தாண்டிக் கொடம் தூக்குறேன். எம்புள்ள இடுப்புல ஒண்ணு, கொடம் இடுப்புல ஒண்ணு. எனக்கு இருக்குறது ரெண்டு இடுப்புதான அண்ணே!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய் இறக்கிக் கொடுத்தேன். மற்ற வீடுகளுக்கு மூன்றடி, இவளுக்கு மூன்றரை அடி, கடைசி வீடு என்பதால். சாக்கடைச் சுவருக்கும் குழிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. நான் பைப்பு பூட்டும்போது அந்தக் குழந்தை குழியின் விளிம்பில் குந்தி, என் ரெஞ்சு திரும்பத் திரும்பக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. நம் கவிதாவுக்கு அப்போது அதே வயது. போகும்போது மலர் எனக்கு மோர் கொடுத்தாள். நல்ல காரியம் செய்துவிட்டு வருகிறோம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

அது நடந்தது மழை முடிந்த சமயம், சின்ன வெங்காயம் அறுவடை. வேப்பந்தட்டை பக்கம் வெங்காயத் தாள் அறுக்க டவுனிலிருந்து கூட வேன் வைத்துப் பெண்களைக் கூட்டிப் போவார்கள். மேட்டுத் தெருவில் ஏழெட்டுப் பேருக்கு வாந்தி பேதி என்று சேதி வந்தது. மறுநாள் காலையில் தேன்மொழி போய்விட்டது என்று வந்தது.

தண்டபாணி சார் சைக்கிளை எடுக்கவில்லை. என்னை நடக்கச் சொல்லி அவரும் நடந்தார். கையில் குளோரின் பார்க்கும் சின்னக் கண்ணாடிக் குழல். தண்ணீரை அதில் பிடித்து மருந்து இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டும். மஞ்சள் இருந்தால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, கிருமி செத்திருக்கும். தொட்டியடியில் பார்த்தோம், நல்ல மஞ்சள். தெரு முனையில் மஞ்சள். தெரு நடுவில் வெளுத்திருந்தது. கடைசி வீட்டுக் குடத்தில் மிச்சம் இருந்த தண்ணீரில் விட்டோம். ஒன்றும் ஆகவில்லை. சார் குழலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பைப்பு எங்கேயாவது உடைந்திருக்கும் என்று நினைத்தோம். தெரு முழுக்கத் தோண்டிப் பார்த்தோம். ஒரு மூட்டில்கூட ஈரம் இல்லை. பைப்பு முழுசாக இருந்தது.

பிறகு சார் ஒரு காரியம் செய்தார். வால்வு திறக்கிற ஆளை அனுப்பி, தெருவுக்குத் தண்ணீர் விடச் சொன்னார். அரைமணி நேரம் ஓடவிட்டு, சரியாகப் பத்தரைக்கு வால்வை மூடச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் மலர் வீட்டுக் குழி ஓரத்தில் குந்தினோம். வீட்டுக்குள் அழுகைச் சத்தம். குழிக்குள் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர், சாக்கடையிலிருந்து கசிந்தது. குடம் பிடிக்கும்போது இறைத்துவிட்டுப் பிடிப்பார்கள், பிறகு மறுபடி ஊறிவிடும். குழாயின் வாய் அதற்குள் முங்கிக் கிடந்தது. திருகு திறந்தே இருந்தது. எல்லா வீட்டிலும் இருப்பது போல.

பத்தரை ஆயிற்று. ஓட்டம் நின்றது. சார் கீழே கிடந்த ஒரு வெங்காயச் சருகை எடுத்து அந்தத் தண்ணீரில் போட்டார்.

சருகு கொஞ்ச நேரம் சும்மா மிதந்தது. பிறகு மெதுவாக நகர ஆரம்பித்தது. காற்று இல்லை. குழாய் இருக்கிற பக்கமாக நகர்ந்து, அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே போய்விட்டது. குழியின் சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஈரமாகத் தெரிந்தது. தண்ணீர் அந்தக் கோட்டைவிட ஒரு விரல் கீழே இறங்கியது. இரண்டு விரல். ஒரு சாண். மண்ணுக்குள் போகவில்லை. குழாய் குடித்துக்கொண்டிருந்தது.

வால்வை மூடியதும் பைப்பில் இருக்கிற தண்ணீர் பள்ளத்துத் தெருக்களில் திறந்து கிடக்கிற குழாய்கள் வழியாக இறங்கி ஓடும். மேட்டில் பைப்பு வெறுமையாகும். வெறுமையானது எதையாவது இழுக்கும். நிமிர்ந்து நிற்கிற குழாயாக இருந்தால் காற்றை இழுத்திருக்கும். நான் இறக்கி வைத்த குழாய், வாயில் இருந்ததை இழுத்தது. அடுத்த தடவை தண்ணீர் விடும்போது, உள்ளே இழுத்து வைத்ததை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து கடைசி வீட்டில் கொட்டும். மற்றவர்கள் குடித்தது கலந்த தண்ணீர். மலர் வீட்டுக்கு வந்த முதல் குடம் அப்படியே அந்தக் குழித் தண்ணீர்.

முதல் குடத்தைக் கீழே ஊற்ற வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வருவதே நாலு குடம். முதல் குடத்தைக் கீழே ஊற்ற யாருக்கு மனசு வரும்?

சார் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றவே இல்லை. பையில் திரும்பப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"இத எறக்குனது யாரு?"

"நாந்தான் சார்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சார். அந்தம்மா கேட்டுச்சு."

"ஊருல எத்தன குழி இருக்கும்?"

"எண்ணுனதில்ல சார். மேட்டுப்பக்கம் பூரா இருக்கு."

அவர் எழுந்து வேட்டி மண்ணைத் தட்டினார். "இத எழுதுனா அத்தன குழியையும் நாளைக்கே மூடணும். மூடுனா பாதி ஊருக்குத் தண்ணி கெடையாது. காலிக் கொடத்தோட பஸ்ஸ மறிப்பாங்க. விதியில இல்லாத வேலைய எவன் செஞ்சான்னு மொதல்ல ஒன்னத்தான் கேப்பாங்க. ஒன் நிரந்தர ஃபைலு எந்த மேசையில இருக்கு தெரியுமா?"

"தெரியாது சார்."

"எம்மேசையில இருக்கு."

அவர் மிரட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. அன்று சாயந்திரம் அறிக்கையில் 'குழாயில் ஏற்பட்ட கசிவு கண்டறியப்பட்டு உடனடியாகச் சரிசெய்யப்பட்டது' என்று எழுதினார். திரும்பப் படித்துக் காட்டவில்லை. மலர் வீட்டுக் குழியை மட்டும் மண் போட்டு மூடினோம். ஒரு மாதம் கழித்து அவர்களே வெட்டிக்கொண்டார்கள்.

மூன்று மாதத்தில் எனக்கு நிரந்தர ஆணை வந்தது. உங்கள் அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். உங்கள் பள்ளிக்கூடம், செந்திலின் பாலிடெக்னிக், கவிதாவின் நர்சிங் எல்லாம் அந்த ஆணையில்தான் நடந்தது. இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. மறைத்தால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை.

இங்கே நான் சொல்லாமல் விட்டது என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். தெருவில் ஏழெட்டுப் பேருக்கு வாந்தி பேதி, எல்லோரும் பிழைத்துவிட்டார்கள், ஒரு குழந்தைதான் செத்தது. அது ஏன் என்று கேட்டார்கள். அன்று மலர் விடியற்காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வெங்காயம் அறுக்கப் போயிருந்தாள். மத்தியானம் குழந்தைக்கு ஆரம்பித்தது. வீட்டில் இருந்த மாமியார், பாவம், நாக்கு வறண்டுபோகக் கூடாது என்று அந்தக் குடத்திலிருந்தே சொம்பு சொம்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மலர் இருட்டுகிற நேரத்துக்கு வந்து தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்குள் கண் சொருகிவிட்டது. "வெங்காயம் பெருசாப் போச்சு அவளுக்கு, புள்ள பெருசில்ல" என்று புருஷன் வீட்டார் சொன்னார்கள். தெரு சொன்னது. பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். ஒரு நாள் நான் வால்வு பார்க்கப் போனபோது கேட்காமலே என்னிடம் சொன்னாள், "நான் அன்னிக்குப் போயிருக்கக் கூடாதுண்ணே."

நான் வால்வைத் திருகிக்கொண்டே "விடும்மா" என்றேன்.

அதற்குப் பிறகு நான் குழாய் இறக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இறக்கினேன். தண்ணீர் இல்லை என்று அழுகிறவர்களிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பிடிச்சதும் திருக மூடி வைங்கம்மா" என்று மட்டும் சொல்வேன். யாரும் மூடவில்லை. ஏன் மூட வேண்டும் என்று நான் சொன்னால்தானே மூடுவார்கள்?

பிறகு அரியலூர்ப் பக்கம் மாற்றினார்கள். அங்கே ஒரு ஊரில் ஒரு ஆள் செம்போடு ஆபீசுக்கு வந்தார். "எங்க வூட்டுக் கொழாயில தவுட்டுத் தண்ணி வருதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். "மாடு வச்சிருக்கீங்களா, இல்லாட்டி நாளைக்குப் புண்ணாக்கும் வரும், வாங்கிருங்க" என்று கிளார்க் சொன்னார். போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுத் தொட்டிக்குள் ரப்பர் டியூபை முக்கி, திறந்தே விட்டிருக்கிறார். தண்ணீர் நின்றதும் குழாய் தவிட்டையும் சேர்த்துக் குடித்து, அடுத்த வீட்டில் கக்கியிருக்கிறது. எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள். நான் செம்பில் மிதந்த தவிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்காவது எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்கு நிரந்தர வேலைதான். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அப்போது எழுதினால் முன்னால் எழுதாதது வெளியே வரும் என்று தோன்றியது.

ரிட்டயர் ஆகி, பழைய ஊருக்கே திரும்பி வந்து வீடு கட்டினோம். போன வருஷக் கடைசியில் சுகன்யா மேடம் என்று இப்போதைய உதவிப் பொறியாளர் வீட்டுக்கு வந்தார். நகராட்சியின் குழாய் விதிகளைப் புதிதாக எழுதுகிறார்களாம். வரைவைக் கையில் கொடுத்து, "ஃபிட்டருங்களுக்குப் புரியற மாதிரி இருக்கான்னு பாருங்கய்யா" என்றார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று நாள் படித்தேன். பதினான்காம் பக்கத்தில், குடிநீர்க் குழாயின் வாய் தரைக்கு மேல் இருக்க வேண்டும், குழி கூடாது, 'பின்னுறிஞ்சல்' ஏற்படும் என்று இருந்தது. அந்த ஒரு வரிக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

"பின்னுறிஞ்சல்னா எவனுக்கும் புரியாதும்மா. குழாய் குடிக்கும்னு போடுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பாத்திருக்கீங்களாய்யா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன். அன்றும் அப்படித்தான் சொன்னேன்.

பொதுமக்கள் கருத்துக் கேட்கிற கூட்டத்துக்கு வரச் சொன்னார். கடைசி வரிசையில் உட்காரலாம் என்று போனேன். மேட்டுத் தெருவிலிருந்து நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். மனுவோடு எழுந்து நின்றது மலர்க்கொடி. இப்போது அவள் மகளிர் குழுவில் செயலாளர். தலை நரைத்துவிட்டது. குரல் அதே குரல்.

"ஐயா, கொழாயோட வாலு நாங்க. குழிய மூடுனா எங்களுக்குக் காத்துதான் வரும். காத்தக் கொடத்துல புடிச்சு ஒல வைக்க முடியுமான்னு நீங்களே சொல்லுங்க. இந்தச் சட்டத்துலேர்ந்து எங்க தெருவ விட்டுருங்க."

மண்டபம் சிரித்தது, கை தட்டியது. வார்டு உறுப்பினர் எழுந்தார். "அந்தம்மா சொல்றது ஞாயந்தான். கடைமடைப் பகுதிகளுக்கு விலக்கு உண்டுன்னு ஒரு வரி சேத்துருங்க மேடம். யாருக்கும் நட்டமில்ல."

மேடையில் தலையாட்டினார்கள். சுகன்யா மேடம் ஏதோ சொல்லப் பார்த்தார், அவருக்கு இடம் கொடுக்கவில்லை. குழாய் எங்கே குடிக்குமோ அந்த இடத்துக்கு மட்டும் விலக்கு. அதையும் கேட்டு நிற்பது அவள். நான் இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் அந்த வரி ஏறிவிடும்.

எழுந்தேன். மைக் தர வந்தார்கள், வாங்கவில்லை. "விலக்கு குடுக்காதீங்க" என்றேன். "மேட்டுத் தெரு கடைசி வூட்டுக்குக் கொழா எறக்குனது நான். அந்த வூட்டுக் குழந்த செத்தப்ப நானும் இஞ்சினியரும் குழியோரம் குந்தியிருந்து பாத்தோம். வால்வ மூடுன ஒடனே கொழா குழித் தண்ணியக் குடிச்சுது. மறுபடி தொறந்தா அதத்தான் அந்த வூட்டுக் கொடத்துல ஊத்தும். பைப்பு ஒடையவே இல்ல. கசிவுன்னு எழுதுனது பொய். எனக்குத் தெரிஞ்சே நான் சொல்லல."

"யோவ், அப்ப எங்கய்யா போயிருந்த?" என்று யாரோ கத்தினார்கள். "வேல போயிடும்னு வாய மூடிக்கிட்டியா?" என்று இன்னொருவர்.

"ஆமா" என்றேன்.

சுகன்யா மேடம், "இதப் பதிவு பண்ணிக்கலாமாங்கய்யா?" என்று கேட்டார். பண்ணிக்கொள்ளச் சொன்னேன். பெயர், பார்த்த வேலை, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். திரும்பப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

அதுவரை மலர் நின்றுகொண்டே இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்துச் சொன்னாள், "விலக்கு வேணாம்னு எழுதிக்குங்க. தண்ணி வேணும்னும் எழுதிக்குங்க."

"தண்ணி அளவு இந்த விதிகள்ல வராதும்மா. அது வேற திட்டம்" என்றார் அதிகாரி ஒருவர்.

அந்த வாரமே விதி, யாருக்கும் விலக்கு இல்லாமல், நிறைவேறியது. செந்தில், கேஸ் எதுவும் இதுவரை வரவில்லை. வந்தால் வரட்டும். என் கையெழுத்து அங்கே இருக்கிறது.

போன வாரம் மேட்டுத் தெருவுக்குப் போனேன். எல்லாக் குழியையும் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். குழாய்கள் புதுசாக நிமிர்ந்து நிற்கின்றன, ஒன்றிலும் சொட்டு வரவில்லை. லாரியில் தண்ணீர் வருகிறது, வரும் என்று சொன்ன நாளில் வருவதில்லை. வெயிலில் குடங்களை வரிசை போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி, "வாங்க, குழி மூடுன மவராசன் வந்துட்டாரு. தாகமா இருக்கா? காத்துத் தரவா?" என்றாள். இன்னொருத்தி மண்ணில் துப்பினாள். அவர்களுக்கு நான் செய்தது அதுதானே.

மலர் வரிசையின் கடைசியில் இருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். நிமிராமலே பேசினாள்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்க. அன்னிக்கு நான் வெங்காயத்துக்குப் போவாம வூட்லயே இருந்திருந்தா?"

"இருந்திருந்தாலும் நீயும் அந்தக் கொடத்துத் தண்ணியத்தான் மலரு குடுத்திருப்ப."

"அப்ப நான் போனதால இல்ல."

"இல்லம்மா."

அவள் குடத்தின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள போனதுலேர்ந்து எங்க மாமியா எங்கையால தண்ணி வாங்கிக் குடிச்சதில்லண்ணே. ஒரே வூட்லதான் இருந்தோம். நான் சொம்ப நீட்டுனா வேணாம்னு தலைய ஆட்டிட்டு அவங்களே எந்திரிச்சுப் போயி மொண்டுக்குவாங்க. போன பொங்கலுக்கு முன்னாடி கெடையில கெடந்தாங்க. நாக்கு ஒட்டிக்கிச்சு. நான்தான் பக்கத்துல இருந்தேன். சொம்பக் கொண்டுபோனேன். பல்லக் கடிச்சுக்கிட்டாங்க. அப்படியே போயிட்டாங்க. ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா ஒரு வாய் குடிச்சிருப்பாங்கல்ல?"



லாரி வந்தது. எல்லோரும் எழுந்து நெருக்கினார்கள். அவளுக்கு முட்டி வலி போல, எழுந்திருக்கச் சிரமப்பட்டாள். அவள் குடங்களில் ஒன்றை நான் எடுத்து இடுப்பில் வைத்தேன்.

"கீழ வச்சுடுங்கண்ணே" என்றாள்.

வைத்துவிட்டேன்.